குற்றம் காதில் இல்லை!



இந்தப் பகுதியில் மாமியார் – மருமகள் பிரச்னை, பிள்ளைகளின் படிப்பு, சிக்கனக் குறிப்புகள் என்று எத்தனையோ கடிதங்களைப் படித்துப் பயன் அடைந்திருக்கிறேன். இப்போதுதான் முதல் முறையாக நானே எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் கடிதம் டி.வி. சத்தத்தைப் பற்றியது. 'இதெல்லாம் ஆம்பளைங்க சமாசாரம்' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இந்த டி.வி. சத்தத்தால் எங்கள் வீட்டில் ஒரு பெரிய மனுஷி மூன்று மாதம் 'செவிடு' என்று பெயர் வாங்கினார். அந்தப் பாவத்தில் பெரும் பங்கு எனக்கு உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுக்கு ஊர் கும்பகோணம். வீட்டில் நான், என் கணவர், 77 வயதான என் மாமியார், மூன்று பேர்தான். மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். போன தீபாவளிக்கு வந்தவன், 'பாட்டி நல்லா படம் பார்க்கட்டும்' என்று ஒரு பெரிய டி.வி., எச்.டி. செட்-டாப் பாக்ஸ், கூடவே ஒரு ஹோம் தியேட்டர் எல்லாம் வாங்கி வைத்துவிட்டுப் போனான். டி.வி.க்கு இரண்டு பக்கமும் இரண்டு ஸ்பீக்கர், கீழே நடுவில் செங்கல் மாதிரி படுக்கை வசத்தில் ஒன்று, சோபாவுக்குப் பின்னால் இரண்டு, மூலையில் 'டும் டும்' என்று அதிர ஒரு பெட்டி. தியேட்டர் தோற்றுப் போகும்! பொங்கல் வரைக்கும் அத்தைக்கு ஒரே குஷிதான்.

பங்குனி மாதம் ஆரம்பித்தது வினை.

"ஏம்மா, இவங்க என்ன பேசிக்கிறாங்க? ஒண்ணும் புரிய மாட்டேங்குதே" என்று அத்தை அடிக்கடி கேட்க ஆரம்பித்தார். நான் அடுக்களையிலிருந்து வந்து சத்தத்தைக் கூட்டிவிட்டுப் போவேன். கூட்டினால், பாட்டு வரும்போதும் சண்டை வரும்போதும் ஜன்னல் கண்ணாடி அதிரும். பக்கத்து வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பெண் இருக்கிறாள். அவள் அம்மா ஒரு நாள் வந்து, "மாமி, பரீட்சை நேரம், கொஞ்சம் குறைச்சுக்கங்களேன்" என்று சொன்னபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. குறைத்தால், "பேச்சே கேக்கலை" என்பார் அத்தை. கூட்டினால், "காதைப் பிளக்குது" என்பார் என் கணவர். ரிமோட்டை வைத்துக் கொண்டு தினமும் ஒரு பஞ்சாயத்து.

ஒரு நாள் அவர் கொஞ்சம் கோபமாகவே சொல்லிவிட்டார்: "அம்மா, உனக்குக் காது போயிடுச்சு. ஒத்துக்கோ. அதுக்காக ஊரையே செவிடாக்கணுமா?"

அத்தை பதில் பேசவில்லை. பிறகு என்னிடம் மட்டும், "ஏம்மா, ராத்திரி நியூஸ் நல்லாத்தானே கேக்குது? அந்தப் பழைய சேனல்ல எல்லாம் பேச்சு தெளிவா இருக்கு. இந்தப் பளபளன்னு வர்ற சேனல்லதான் கேக்கலை" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அத்தை, உங்களுக்குப் பிடிச்சது கேக்கும், பிடிக்காதது கேக்காது" என்று சிரித்துக் கொண்டே சொல்லிவிட்டுப் போய்விட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் மனசு உறுத்துகிறது. அவர் சொன்னதில்தான் விடையே இருந்தது.

கொஞ்ச நாளில் அத்தை டி.வி. பக்கமே வருவதை நிறுத்திவிட்டார். சாயந்திரம் ஆனால் வாசல் திண்ணையில் போய்த் தனியாக உட்கார்ந்து கொள்வார். ஏதாவது கேட்டால் 'உம்' என்பதோடு சரி. உறவுக்காரர்கள் வந்தால் என் கணவர், "சத்தமாப் பேசுங்க, அம்மாவுக்கு இப்பல்லாம் கேக்கறதில்லை" என்று சொல்வார். அவர்களும் கத்திப் பேசுவார்கள். அத்தையின் முகம் சுருங்கிப் போகும். வாய் ஓயாமல் பேசுகிற மனுஷி, வீட்டில் இருக்கிற இடம் தெரியாமல் ஆகிவிட்டார்.

காது மிஷின் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்து, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப் போனோம். சத்தமில்லாத சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, 'பீப்' சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொல்லிப் பரிசோதனை செய்தார்கள். டாக்டர் அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார்.

"வயசானா கீச்சுன்னு இருக்கிற மெல்லிய சத்தங்கள் முதல்ல குறையும். பாட்டிக்கும் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. இந்த வயசுக்கு இது சகஜம். அ, ஆ, ஓ மாதிரி எழுத்தெல்லாம் கனமான சத்தம், அது நல்லாக் கேக்கும். ச, த, க மாதிரி எழுத்துலதான் சிரமம் வரும். வீட்டுல நீங்க எதிர்ல நின்னு பேசினா புரியுதா?"

"புரியுது டாக்டர்" என்றேன்.

"போன்ல பேசினா?"

"பேரனோட அரை மணி நேரம் பேசுவாங்க."

"அப்ப டி.வி.யில மட்டும்தான் கேக்கலைங்கறீங்க. மிஷினுக்கு அவசரம் இல்லை. ஆறு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம். அதுக்குள்ள டி.வி.யையும் ஒரு தடவை யார்கிட்டயாவது காட்டுங்க" என்று சிரித்தார்.

மறுநாளே எங்கள் தெருவில் டி.வி. பழுது பார்க்கும் தம்பியை வரச் சொன்னேன். அவர் வந்ததும் நான் சொன்னது: "தம்பி, பாட்டு, பேக்ரவுண்ட் மியூசிக் எல்லாம் அமர்க்களமா வருது. பேச்சு மட்டும் மங்கலா இருக்கு."

அவர் முதலில் அத்தையைக் கூப்பிட்டு, "பாட்டி, எந்தச் சேனல்ல கேக்குது, எதுல கேக்கலை?" என்று கேட்டார். மூன்று மாதத்தில் அந்தக் கேள்வியை அத்தையிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான்! அத்தை சேனல் நம்பரையே வரிசையாகச் சொன்னார். தம்பி அந்தச் சேனல்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். "பாட்டி சொல்றது நூத்துக்கு நூறு சரி" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பிறகு செட்-டாப் பாக்ஸ் ரிமோட்டை எடுத்து, மெனுவில் செட்டிங்ஸ், அதில் ஆடியோ என்று போனார். அங்கே 'டால்பி டிஜிட்டல்' என்று இருந்தது. அதை 'ஸ்டீரியோ' என்று மாற்றினார். அவ்வளவுதான்! படத்தில் பேசிக் கொண்டிருந்த பெண்ணின் குரல் பக்கத்தில் நின்று பேசுவது போல் 'கணீர்' என்று வந்தது. அத்தை திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே வந்துவிட்டார்.

"அப்ப பாக்ஸ்லதான் கோளாறா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. பாக்ஸ் சரியாத்தான் இருக்கு. இப்ப நான் பண்ணினது சும்மா ஒரு சோதனை. பேச்சு வர்ற வழியில ஏதோ அடைப்பு இருக்கு" என்றார். அவர் எனக்குச் சொன்ன விளக்கத்தை என் பாஷையில் எழுதுகிறேன்.

ஸ்டீரியோ என்றால் சத்தம் இரண்டு பங்காக வரும். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. வசனம் இரண்டிலும் சமமாக வருவதால், நடுவிலிருந்து பேசுவது போல நமக்குத் தோன்றும். டால்பி டிஜிட்டலில் '5.1' என்று போட்டிருக்கிறதே, அது என்ன என்று நானும் எத்தனையோ நாள் யோசித்ததுண்டு. முன்னால் இடம், வலம், நடு என்று மூன்று; நமக்குப் பக்கவாட்டிலோ பின்னாலோ இரண்டு; ஆக ஐந்து. அந்தப் 'புள்ளி ஒன்று', அடி வயிற்றை அதிர வைக்கிற கனமான சத்தத்துக்கு மட்டும் தனி வழி. அது எல்லாச் சத்தத்தையும் சுமப்பதில்லை என்பதால்தான் முழு ஒன்றாகக் கணக்கில் சேர்க்காமல் 'புள்ளி ஒன்று' என்கிறார்களாம்.

இந்த முறை 1992-ல் 'பேட்மேன் ரிடர்ன்ஸ்' என்ற ஆங்கிலப் படத்தோடு தியேட்டருக்கு வந்தது. தியேட்டரில் நடு ஸ்பீக்கரைத் திரைக்குப் பின்னாலேயே வைப்பார்கள். திரையில் கண்ணுக்குத் தெரியாத பொடிப் பொடி ஓட்டைகள் உண்டு, அது வழியாகச் சத்தம் வரும். ஓரத்து சீட்டில் உட்கார்ந்தவருக்கும் நடிகரின் வாயிலிருந்தே பேச்சு வருவது போல இருக்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. அதனால் 5.1-ல் வசனத்தைப் பெரும்பாலும் அந்த நடு ஸ்பீக்கருக்கே கொடுத்துவிடுகிறார்கள். பாட்டும் வாத்தியமும் மற்ற ஸ்பீக்கர்களில் பரவி வரும். ஆக, நடு ஸ்பீக்கர் படுத்தால் வசனமும் படுத்துவிடும்! மற்றதெல்லாம் ஜாம் ஜாம் என்று கேட்டுக் கொண்டே இருக்கும்.

எல்லாச் சேனலும் 5.1-ல் ஒலிபரப்புவதில்லை. அத்தை சொன்ன 'பழைய சேனல்' எல்லாம் ஸ்டீரியோவில் வருபவை. எங்கள் வீட்டில் அவற்றின் பேச்சு இரண்டு பக்க ஸ்பீக்கரிலும் வந்ததால் தெளிவாகக் கேட்டிருக்கிறது. பளபள சேனல்கள் இரண்டில்தான் 5.1 வருகிறது. அங்கே பேச்சு நடு ஸ்பீக்கருக்குப் போய் மாட்டிக் கொண்டிருக்கிறது.

தம்பி பாக்ஸை மறுபடி டால்பிக்கு மாற்றிவிட்டு, ஹோம் தியேட்டர் மெனுவில் 'டெஸ்ட் டோன்' என்ற ஒன்றைப் போட்டார். ஒவ்வொரு ஸ்பீக்கராக 'உஷ்ஷ்ஷ்' என்று ஒரு இரைச்சல் வந்தது. இடது பக்கம் பளிச். அடுத்தது நடு... கம்பளியைப் போர்த்திக் கொண்டு பேசுவது போல 'ம்ம்ம்' என்று வந்தது. அடுத்து வலது பக்கம் பளிச்.

தம்பி குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போய்விட்டது.

சகோதரிகளே, மாசி மாதம் எனக்குப் பொழுது போகாமல், வீட்டில் இருக்கிற சாமான்களுக்கெல்லாம் உறை தைத்தேன். பிரிட்ஜ் கைப்பிடிக்கு, மிக்சிக்கு, கிரைண்டருக்கு. தூசி படியக் கூடாது என்று நடு ஸ்பீக்கருக்கும் கெட்டியான மெத்தைத் துணியில், உள்ளே லைனிங் கொடுத்து, மேலே ரோஜாப்பூ எம்பிராய்டரி போட்டு ஒரு உறை தைத்து மாட்டினேன். அதோடு விட்டேனா? டி.வி. ஸ்டாண்டில் இடம் போதவில்லை என்று ஸ்பீக்கரைப் பின்னால் தள்ளி, அதற்கு முன்னால் எங்கள் கல்யாண போட்டோவை வேறு நிறுத்தியிருந்தேன்! மெலிசான துணியாக இருந்தால் இவ்வளவு பாதிப்பு இருந்திருக்காது, ஸ்பீக்கர் கம்பெனிக்காரர்களே மெலிசு துணிதான் போடுகிறார்கள். கெட்டித் துணியும் பஞ்சும் முதலில் விழுங்குவது கீச்சு சத்தத்தைத்தான். டாக்டர் சொன்னாரே ச, த, க, அந்த எழுத்துகளின் சத்தம்தான். எங்கள் காது பழுதில்லாதது, விட்டுப் போனதை ஊகித்துச் சரிக்கட்டிக் கொண்டது. அத்தைக்கு ஏற்கெனவே கொஞ்சம் குறைவு. மிச்சம் இருந்ததையும் என் ரோஜாப்பூ பிடுங்கிக் கொண்டது.

உறையைக் கழற்றி, போட்டோவை எடுத்து, ஸ்பீக்கரை ஸ்டாண்டின் விளிம்பு வரை முன்னால் இழுத்து, சோபாவைப் பார்த்துக் கொஞ்சம் அண்ணாந்தபடி வைத்தார் தம்பி. ஹோம் தியேட்டர் மெனுவில் நடு ஸ்பீக்கரின் அளவை மட்டும் இரண்டு படி ஏற்றினார். பிறகு படம் போட்டார். முன்பு 40-ல் வைத்தும் கேட்காத வசனம் 18-ல் கேட்டது.

அன்று ராத்திரி என் கணவர் வருவதற்கு முன்பே அத்தையிடம் போய் உட்கார்ந்தேன். "அத்தை, தப்பு உங்க காதுல இல்லை. நான் தைச்ச உறைதான் காரணம். என்னை மன்னிச்சுடுங்க" என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக் கொண்டு சும்மா இருந்தார்.

"பூ நல்லாத்தான் போட்டிருந்த. அது போகட்டும். எனக்குக் காது கேக்கலைன்னு சொன்னதுகூட வருத்தமில்லைம்மா. வயசாச்சு, கேக்காமலும் போகும். நான் சொன்னதை யாருமே காதுல வாங்கலை பாரு, அதுதான் கஷ்டமா இருந்தது."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவரும் நேரே அம்மாவிடம் போய், "தப்புதாம்மா" என்றார். மறுநாள் சாயந்திரம் அத்தை மறுபடி சோபாவில்! ரிமோட் இப்போது அவர் கையில்தான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது சிக்கல் இருந்தால், மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் நீங்களே பார்த்துக் கொள்ளக் கூடிய சில விஷயங்களை, அந்தத் தம்பியிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

* எல்லாச் சேனலிலும் கோளாறா, சிலவற்றில் மட்டுமா என்று முதலில் குறித்துக் கொள்ளுங்கள். சிலவற்றில் மட்டும் என்றால், ஸ்டீரியோ, 5.1 வித்தியாசமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

* சாதா சேனலில் சத்தம் வந்து, சில எச்.டி. சேனலில் சத்தமே வராவிட்டால் பயப்பட வேண்டாம். பாக்ஸ் டால்பியில் அனுப்புகிறது, உங்கள் டி.வி.க்கு அது புரியவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். பாக்ஸ் மெனுவில் ஆடியோவை 'ஸ்டீரியோ' அல்லது 'பி.சி.எம்.' என்று மாற்றிப் பாருங்கள். டி.வி. மெனுவிலும் 'டிஜிட்டல் ஆடியோ அவுட்' என்று இதே போல ஒன்று இருக்கும்.

* வெறும் டி.வி. ஸ்பீக்கர் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு 5.1-ஆல் லாபம் ஒன்றும் இல்லை. ஸ்டீரியோவில் வைத்துக் கொள்வதே நல்லது. பல பாக்ஸ்களில் அப்படி வைத்தால் பேச்சுக்கும் பாட்டுக்கும் உள்ள ஏற்ற இறக்கமும் குறையும்.

* ஹோம் தியேட்டர் இருந்தால், அதை அணைத்துவிட்டு டி.வி.யின் சொந்த ஸ்பீக்கரில் கேட்டுப் பாருங்கள். அதில் தெளிவாக இருந்தால் கோளாறு ஹோம் தியேட்டர் பக்கம். டெஸ்ட் டோன் போட்டு ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் காதை வைத்துக் கேளுங்கள்.

* ஒரு பக்கம் மட்டும் சத்தம் வந்தால், மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனை உள்ள பழைய ஒயர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சள் படத்துக்கு. வெள்ளை இடது பக்கச் சத்தம், சிவப்பு வலது பக்கச் சத்தம். ஒன்று கழன்றிருக்கலாம். சில பாக்ஸ் ரிமோட்டில் 'ஆடியோ' பட்டனைத் தெரியாமல் அழுத்திவிட்டாலும் இடது மட்டும், வலது மட்டும் என்று மாறிவிடும். குழந்தைகள் உள்ள வீட்டில் இது சகஜம்!

* ஸ்பீக்கர் ஒயரின் சிவப்பு, கறுப்பு இரண்டும் இரு முனையிலும் அதே நிறத்தில் சேர வேண்டும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிப் போனால் சத்தம் உள்ளீடு இல்லாமல், கூடு மாதிரி ஒலிக்கும். எந்த ஒயரைத் தொடுவதானாலும் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

* பேச்சு முன்னே, வாய் அசைவது பின்னே என்று வந்தால், 'லிப் சிங்க்' அல்லது 'ஆடியோ டிலே' என்று ஒரு அமைப்பு இருக்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிச் சரி செய்யலாம்.

* கடைசியாக, ஸ்பீக்கருக்கு உறை தைக்காதீர்கள்! தூசி துடைக்க ஒரு காய்ந்த துணி போதும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டி.வி.யைச் சரி செய்தால் போதும், டாக்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதிரில் நின்று பேசினாலும் புரியவில்லை, காதில் இரைச்சல், ஒரு காது மட்டும் திடீரென்று மந்தம் என்றால் தாமதிக்காமல் காட்ட வேண்டும். அத்தைக்கும் ஆறு மாதம் முடிந்ததும் மறுபடி பரிசோதனைக்குப் போகப் போகிறோம். மிஷின் தேவைப்பட்டால் வாங்கத்தான் போகிறோம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால், பெரியவர்கள் 'கேக்கலை' என்று சொன்னதும், 'உங்க காது போச்சு' என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால், 'எது கேக்கலை? எப்போ கேக்கலை?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்த ஒரு கேள்வியை நான் பங்குனியிலேயே கேட்டிருந்தால், அத்தை மூன்று மாதம் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருக்க மாட்டார்.

அந்த ரோஜாப்பூ உறையை என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? அத்தையே பிரித்து, மூக்குக் கண்ணாடி வைக்கப் பையாகத் தைத்துத் தரச் சொல்லி வாங்கிக் கொண்டார்.

– ஒரு வாசகி, கும்பகோணம்.